ஆபீஸ் லேப்டாப்பும் வீட்டு ரவுட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நண்பர்கள், சொந்தக்காரர்கள், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிப்பதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது. மேக்கில் இடங்கள் மாறும், விஷயம் அதேதான்.

1. வீட்ல எல்லார் போன்லயும் நெட் வருது, என் ஆபீஸ் லேப்டாப்ல மட்டும் வரல. அப்போ ரவுட்டர் நல்லாத்தானே இருக்கு?

அப்படி உடனே முடிவு கட்டிவிட முடியாது. முதலில் அந்தப் போன் உண்மையிலேயே வைஃபையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை சொதப்பினால் பல போன்கள் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், நாமும் வைஃபை ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்போம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஏதாவது புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அப்புறமும் போனில் வந்தால், சரி, இப்போது லேப்டாப் பக்கம் திரும்பலாம். ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய பாதை), ப்ராக்ஸி (நெட்டுக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் சர்வர்), கம்பெனி போட்ட ஃபயர்வால் எல்லாம் உட்கார்ந்திருக்கும், சொந்த லேப்டாப்பில் இல்லாத தொல்லைகள் இவை. அதனால் பாதையை மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனி வழியாக வெளியுலகம் வரை ஒன்று, அங்கிருந்து விபிஎன் வழியாக ஆபீஸ் சர்வர் வரை ஒன்று. எந்தத் துண்டு அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள். முக்கால்வாசிக் குழப்பம் நாமே அவசரத்தில் நாலு இடத்தில் மாற்றிவிட்டு எதை மாற்றினோம் என்று மறந்துபோவதால் வருவதுதான்.

2. எந்தத் துண்டுல பிரச்சனைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் டெக்னிக்கல் ஆள் இல்ல.

ஆள் எப்படியிருந்தாலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். எல்லாம் ஓடினால் வீட்டு ரவுட்டர் அல்லது வீட்டு நெட் பக்கம் சந்தேகம். அங்கேயும் அதே தகராறு என்றால் லேப்டாப் அல்லது ஆபீஸ் பக்கம். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் ஹாட்ஸ்பாட் தரும் போனை வைஃபையிலிருந்து கழற்றிவிடுங்கள், சில போன்கள் வீட்டு வைஃபையையே திரும்பப் பகிர்ந்து தரும், அப்புறம் சோதனைக்கே அர்த்தமில்லை.

அடுத்து, விபிஎன்னைத் துண்டித்துவிட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பதுதான் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதற்கு ஒரு பிங் (ping என்று அடித்து பக்கத்தில் முகவரி, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று காட்டும்), பிறகு கூகுளின் 8.8.8.8-க்கு ஒரு பிங், பிறகு ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயருக்கு ஒரு பிங். முதலாவதே பதில் தரவில்லை என்றால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கோளாறு. முதலாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால் நெட் கம்பெனி பக்கம். இரண்டும் வந்து பெயர் மட்டும் தோற்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை. மூன்றும் வந்தும் ஆபீஸ் வேலை ஓடவில்லை என்றால் விபிஎன் பக்கம் போங்கள்.

சில ஆபீஸ்களில் கமாண்ட் ப்ராம்ப்ட்டையோ பிங்கையோ பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து லாகின் பக்கம் வருகிறதா என்று பார்த்தால் முதல் துண்டு தெரிந்துவிடும்.

3. எதுக்கெடுத்தாலும் ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா வேலை செய்யுமா, சும்மா சொல்றதா?

நிஜமாகவே வேலை செய்யும். ரவுட்டர் என்பது சின்ன கம்ப்யூட்டர்தான், அதன் நினைவகத்தில் யார் யாருக்கு எந்த ஐபி (நெட்வொர்க்கில் ஒரு கருவியின் முகவரி எண்), எந்த இணைப்பு எங்கே போகிறது என்று பெரிய பட்டியலே இருக்கும். அது குழம்பினால் அணைத்துப் போடுவதுதான் சுலபமான வழி. ப்ளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர்.

ஆனால் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதில் குத்துவது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். ரீசெட் செய்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்ட் மட்டுமல்ல, நெட் கம்பெனி கொடுத்த பிபிபிஓஇ (ரவுட்டர் லைனில் லாகின் செய்யும் முறை) யூசர்நேமும் சேர்ந்து போய்விடும். அது கையில் இல்லாமல் குத்தினால் வீடு முழுக்க நெட் போச்சு. இன்னொன்று, தினமும் ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடுகிறது என்றால் அது தீர்வு இல்லை. ரவுட்டர் சூடாகிறதா, பவர் அடாப்டர் பலவீனமா, ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) பழசா என்று பார்க்க வேண்டிய நேரம்.

4. வைஃபை கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா கீழ "நோ இன்டர்நெட்"னு காட்டுது. ஆயிடுச்சா ஆகலையா?

ரவுட்டர் வரை ஆகிவிட்டது, அதற்கு மேல் தெரியவில்லை என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனை முகவரியைத் தொட்டுப் பார்த்துத்தான் இணையம் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறது. ஆபீஸ் ப்ராக்ஸியோ விபிஎன்னோ அந்த ஒரு முகவரியைத் தடுத்தால், மெயில் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், ஐகான் மட்டும் இல்லை என்று அடம் பிடிக்கும். ஐகானை நம்பாதீர்கள், ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நிஜமாகவே வரவில்லை என்றால் கேள்வி 2-இன் பிங் வரிசை. அதோடு, சில கம்பெனிகள் விபிஎன் இணையும் வரை வேறு எதையும் வெளியே விடாதபடி லேப்டாப்பை அமைத்திருப்பார்கள். அங்கே "நெட் வரலைன்னு விபிஎன் போடல" என்று உட்கார்ந்திருந்தால் இரண்டுமே வராது. விபிஎன்னைப் போட்டுப் பாருங்கள்.

5. ஐபி 169.254-னு ஆரம்பிக்குது. அது என்ன முகவரி?

அது ரவுட்டர் கொடுத்தது இல்லை. ரவுட்டரிடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் லேப்டாப் தானே பெயருக்கு வைத்துக்கொண்ட ஒரு முகவரி. அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. வைஃபை நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்துத் திரும்ப இணையுங்கள், இல்லையென்றால் கேள்வி 3.

அப்படியும் அதே எண் வந்தால் ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபி எண்களைக் கொடுக்கும் பகுதி) பக்கத்தைப் பாருங்கள். அது அணைந்திருக்கலாம், அல்லது கொடுப்பதற்கு வைத்திருக்கும் எண்கள் தீர்ந்திருக்கலாம். டிவி, கேமரா, பல்பு என்று எல்லாம் வைஃபையில் தொங்கும் வீட்டில், யாரோ 20 எண்கள் போதும் என்று சுருக்கி வைத்திருந்தால் கடைசியாக வருபவருக்கு இடமில்லை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஆபீஸில் யாராவது லேப்டாப்பில் நிலையான ஐபி போட்டு வைத்திருந்தால் அது வீட்டில் பொருந்தாது. அப்போது 169.254 வராது, வீட்டு எண்களோடு சம்பந்தமே இல்லாத வேறு ஒன்று தெரியும். ஐபியைத் தானாகப் பெறும்படி மாற்ற வேண்டும், அதற்கு அட்மின் அனுமதி இல்லையென்றால் ஐடி ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

6. பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன், ஏத்துக்கவே மாட்டேங்குது. போன்ல அதே பாஸ்வேர்ட் வேலை செய்யுதே?

புது ரவுட்டர் வாங்கியவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய வைஃபை கார்டோ பழைய டிரைவரோ கொண்ட லேப்டாப் திணறும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் சில டிரைவர்கள் முரண்டு பிடிக்கும், அப்போது டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். ஆனால் டிகேஐபி என்று ஒரு பழைய தேர்வு இருக்கும், அதன் பக்கம் போகாதீர்கள். பாதுகாப்பும் போய், வேகமும் 54 மெகாபிட்டில் நின்றுவிடும்.

ரவுட்டரில் மேக் ஃபில்டர் (மேக் கம்ப்யூட்டர் இல்லை, கருவியின் வன்பொருள் முகவரியைப் பார்த்து உள்ளே விடும் பட்டியல்) போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். லேப்டாப்பில் ரேண்டம் வன்பொருள் முகவரி இயங்கினால் ரவுட்டர் கண்ணுக்கு அது யாரோ புது ஆள், வாசலிலேயே நிறுத்திவிடும். பிள்ளைகளுக்காகப் போட்ட நேரக் கட்டுப்பாடு ஆபீஸ் லேப்டாப்பையும் சேர்த்து இரவு பத்து மணிக்கு வெட்டிவிடும் கதையும் நடக்கிறது.

7. வைஃபை பேர்ல 5ஜி-ன்னு ஒண்ணு, சும்மா ஒண்ணு இருக்கு. எதுல போடணும்?

அந்த 5ஜி மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரவுட்டர் இருக்கும் அறையிலோ பக்கத்து அறையிலோ வேலை பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு 5. இரண்டு மூன்று சுவர் தாண்டி என்றால் 2.4 எட்டும், ஆனால் அங்கே கூட்டம் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் கத்துகின்றன. 2.4-இல் இருந்தே ஆக வேண்டும் என்றால் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், இவை மட்டும்தான் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை. 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் இடி வாங்கும்.

இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் லேப்டாப் தன் இஷ்டத்துக்குத் தாவும், தாவும் ஒவ்வொரு தடவையும் விபிஎன் அறுந்துபோகலாம். தனித்தனிப் பெயர் வைத்து லேப்டாப்பில் ஒன்றை மட்டும் சேமியுங்கள்.

8. யூஎஸ்பி டாக் செருகினா வைஃபை மந்தமாகுது. எனக்குத்தான் அப்படித் தோணுதா?

தோன்றல் இல்லை. யூஎஸ்பி 3.0 ஓடும்போது வெளிவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பது தெரிந்த விஷயம். மட்டமான கேபிளும் டாக்கும் என்றால் அதிகம். டாக்கை லேப்டாப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், அல்லது 5-க்கு மாறுங்கள்.

9. ஸ்பீட் டெஸ்ட்ல நூறு மெகாபிட் வருது. ஆனா மீட்டிங்ல என் குரல் ரோபோ மாதிரி வெட்டுதுங்கறாங்க. எப்படி?

மீட்டிங்குக்கு நூறு மெகாபிட் தேவையே இல்லை. நல்ல தரமான வீடியோவுக்கே 3, 4 மெகாபிட் போதும், குரலுக்கு அதில் சிறு பங்குகூட வேண்டாம். வேண்டியது சீரான ஓட்டம். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. ஸ்பீட் டெஸ்ட் காட்டும் பெரிய எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் குரல் மற்றவர்களுக்கு வெட்டுகிறது, அவர்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால் அப்லோடு பக்கம் அடைப்பு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் சன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றொன்றில் 8.8.8.8-க்கும் நிற்காமல் ஓடும்படி பிங் விடுங்கள் (விண்டோஸில் பிங்கோடு -t சேர்க்க வேண்டும், மேக்கில் தானாகவே ஓடும்). மீட்டிங் நடக்கும்போது ஓரக்கண்ணால் பாருங்கள். ரவுட்டர் சன்னலில் 2, 3 மில்லிசெகண்ட் என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 200, 400, டைம்டு அவுட் என்று துள்ளினால் உங்கள் வைஃபைதான் குற்றவாளி, நெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு பயனும் இல்லை. ரவுட்டர் சன்னல் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் 20-லிருந்து 600-க்கு ஏறினால் லைன் நிரம்பி வழிகிறது.

வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். யாரோ ஒருவர் போன் புகைப்படங்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார், அல்லது உங்கள் லேப்டாப்பே ஃபைல் சிங்க் செய்துகொண்டிருக்கும். ரவுட்டர் அனுப்ப வேண்டியதையெல்லாம் வரிசையில் நிறுத்தி வைக்கும், உங்கள் குரலும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (SQM) அல்லது க்யூஓஎஸ் (QoS) என்று இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் தேர்வு இருந்தால் அப்லோடு அளவை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து, 85, 90 சதவீதமாக வையுங்கள். மொத்த வேகம் கொஞ்சம் குறையும், குரல் தெளியும். என் கணக்கில் இது நல்ல பேரம்.

10. ஹால்ல நல்லா வருது, என் ரூம்ல மட்டும் வரல. சிக்னல் எவ்வளவு இருந்தா போதும்?

கோடுகளை எண்ணாதீர்கள், எண்ணைப் பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைக் கிளிக் செய்தால் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் வலிமை) என்று மைனஸில் ஒரு எண் வரும். -50 அருமை, -67 வரை மீட்டிங்குக்குத் தாங்கும், -80 என்றால் பெயருக்குத்தான் இணைப்பு. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோ மேலிருந்தும் எடுத்து, உயரமாக, வெட்டவெளியாக வைத்தாலே பல வீடுகளில் பத்து டெசிபெல் தேறும்.

11. ரிப்பீட்டர் வாங்கிப் போட்டேன், சிக்னல் ஃபுல்லா காட்டுது, வேகம் பாதிதான். ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை, சாதாரண ரிப்பீட்டரின் குணமே அது. ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திரும்பச் சொல்வதால் நேரம் பாதியாகிறது. நீங்கள் பார்க்கும் ஃபுல் சிக்னல் ரிப்பீட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில்தான், அது ரவுட்டரை எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பாதி வழியில் வையுங்கள், அல்லது கேபிள் இழுத்து அதை ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டியாக) மாற்றுங்கள்.

12. கேபிள் போட்டா எல்லாம் தீர்ந்துடுமா?

வைஃபை சார்ந்தவை எல்லாம் தீரும், அதனால் கேபிள் வாய்ப்பு இருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஒரே ஒரு குறும்பு: ஜிகாபிட் ஓட கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும், வேகம் மட்டும் சரியாக நூறுக்குக் கீழே 94, 95-இல் நின்றுவிடும். அந்த எண்ணைப் பார்த்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

சில ஆபீஸ் லேப்டாப்புகள் கேபிள் செருகியதும் "அங்கீகரிக்கிறது" என்று கொஞ்ச நேரம் முழிக்கும். ஆபீஸ் வயர் நெட்வொர்க்கில் அடையாளம் காட்டிப் பழகியது, வீட்டு ரவுட்டரிடமும் அதையே எதிர்பார்க்கிறது. பெரும்பாலும் கொஞ்சம் பொறுத்தால் விட்டுவிடும். விடாமல் தோல்வி என்றே நின்றால் அந்த செட்டிங் ஐடி கையில்.

13. கொஞ்ச நேரம் எழுந்து போய்ட்டு வந்தா நெட் கட்டாகியிருக்கு. திரும்ப விபிஎன் போடணும்.

லேப்டாப் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சேமிப்புக்காக இந்தக் கருவியை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது. அப்போது சார்ஜரில் செருகி வைத்தும் கட்டாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஐடி கேட்கும்.

லேப்டாப் தூங்காமல் விழித்திருக்கும்போதே விபிஎன் மட்டும் அறுந்தால் காரணம் வேறு. சும்மா கிடக்கும் இணைப்பைச் சில ரவுட்டர்கள் பட்டியலிலிருந்து சீக்கிரமே கழற்றிவிடும். விபிஎன் மென்பொருள் இடையிடையே "இருக்கிறேன்" என்று சின்னப் பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பும்படி ஐடி ஆட்கள் அமைக்கலாம். கம்பெனியே இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வெட்டுவதும் உண்டு, அதற்கு ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை.

14. நெட் நல்லா இருக்கு, விபிஎன் மட்டும் கனெக்டே ஆகல.

சுலபமானவற்றிலிருந்து வாருங்கள். லேப்டாப் கடிகாரம் சரியா? தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் சோதனை தோற்கும், விபிஎன் ஏதோ புரியாத பிழையைக் காட்டும். ஆபீஸ் பாஸ்வேர்ட் காலாவதியா? லேப்டாப் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்து உள்ளே விடும், விபிஎன் விடாது, அதனால் நெட் பிரச்சனை போலவே தெரியும்.

இரண்டும் சரி, ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் ஏறுகிறது, வீட்டில் ஏறவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். ஐபிசெக் (IPsec) வகை விபிஎன்னுக்கு யூடிபி 500, 4500 போர்ட்டுகள் (போக்குவரத்துக்கான வாசல் எண்கள்) வழியாக வெளியே போக வேண்டும். ரவுட்டரில் ஐபிசெக் பாஸ்த்ரூ என்ற தேர்வு இருந்தால் ஒருமுறை போட்டும் ஒருமுறை எடுத்தும் பாருங்கள். உதவுவதற்காக வைத்த அதுவே சில ரவுட்டர்களில் கெடுக்கும். பிரவுசர் போல 443 வழியாகப் போகும் விபிஎன் என்றால் இந்தத் தொல்லை குறைவு. எந்த வகை என்று ஐடியிடம் ஒரு வரி கேட்டால் போதும்.

ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால், நெட் கம்பெனி பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான விபிஎன் அதிலும் ஓடும். ஓடாத அபூர்வ நேரங்களில் தனிப் பொது ஐபி கேட்டு வாங்குவதுதான் வழி.

15. விபிஎன் பச்சை விளக்கு எரியுது, ஆனா ஆபீஸ் ஷேர் டிரைவ் திறக்கல. ஹாட்ஸ்பாட்ல திறக்குது!

இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் எல்லாம் சரியாக இருந்தும் வேலை நடக்காது. வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுக்கிறது, ஆபீஸ் சர்வரும் 192.168.1.20 என்று வையுங்கள். லேப்டாப் என்ன நினைக்கும்? 192.168.1.20 என்பது இதே வீட்டுக்குள் இருக்கிற ஏதோ ஒரு கருவி, இதற்கு எதற்கு விபிஎன் என்று வீட்டுக்குள்ளேயே தேடும். கிடைக்காது. ஹாட்ஸ்பாட்டில் எண் வரிசை வேறு என்பதால் அங்கே திறக்கும்.

தீர்வு வீட்டுப் பக்கத்தில். ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுப் பக்க) முகவரியை 192.168.73.1 என்பது போல யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்கு மாற்றுங்கள். 10-இல் தொடங்கும் எண்களைப் பெரிய கம்பெனிகள் விரும்பி வைத்துக்கொள்ளும், அதனால் அதைத் தவிர்ப்பது நல்லது. மாற்றிய பிறகு ரவுட்டர் பக்கம் பழைய முகவரியில் திறக்காது, பதறாதீர்கள், புது எண்ணில் திறக்கும். நிலையான ஐபி போட்ட பிரிண்டரோ கேமராவோ இருந்தால் அதற்கும் புது எண் கொடுக்க வேண்டும்.

16. விபிஎன் போட்டா சின்ன மெயில் போகுது, அட்டாச்மென்ட் போட்டா தொங்குது. சில பக்கம் பாதி லோட் ஆகி நிக்குது.

சின்னது போகும், பெரியது நிற்கும் என்றால் எம்டியூ ஞாபகம் வர வேண்டும். ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு அது. ஈத்தர்நெட்டில் 1500 பைட், பிபிபிஓஇ லைனில் 1492. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டையும் தன் உறைக்குள் போடும்போது உறையின் எடையும் சேர்கிறது. அளவு மீறிய பாக்கெட் வழியில் தொலைகிறது, தொலைந்தது என்ற தகவலும் திரும்ப வராமல் எங்கோ ஒரு ஃபயர்வால் அடைத்து வைத்திருக்கிறது.

சோதிக்க, விபிஎன் இல்லாமல், பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற தேர்வோடு 1472 பைட் அளவில் வெளியே ஒரு முகவரிக்குப் பிங் விடுங்கள் (விண்டோஸில் ping -f -l 1472, பக்கத்தில் முகவரி). 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1500. போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறையுங்கள், போகும் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் லைனின் எம்டியூ. அதை ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் போடலாம். விபிஎன்னின் சொந்த எம்டியூவை ஐடிதான் குறைக்க வேண்டும், நீங்கள் கண்ட எண்ணைச் சொன்னால் அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

17. டிஎன்எஸ்ஸை 8.8.8.8-க்கு மாத்து, எல்லாம் சரியாகும்னு நண்பன் சொன்னான். மாத்தலாமா?

கேள்வி 2-இல் மூன்றாவது பிங் மட்டும் தோற்றிருந்தால் மாற்றலாம், அதுவும் ரவுட்டரில். ஆபீஸ் லேப்டாப்பில் மாற்றாதீர்கள். ஆபீஸின் உள் சர்வர் பெயர்கள் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும், கூகுளின் 8.8.8.8-ஐக் கேட்டால் அப்படி ஒருவர் இல்லை என்றுதான் சொல்லும். லேப்டாப்பில் கையால் போட்ட எண், விபிஎன் கொடுக்கும் டிஎன்எஸ்ஸோடு மோதினால் வெளி இணையதளம் எல்லாம் வரும், உள் பக்கங்கள் மட்டும் வராது.

18. விபிஎன் போட்டதும் வீட்டு பிரிண்டர் காணாம போயிடுது.

கம்பெனி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கும். எல்லாப் போக்குவரத்தும் விபிஎன்னுக்குள் போக வேண்டும், வீட்டு நெட்வொர்க் கண்ணில் படக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. கோளாறு இல்லை. யூஎஸ்பி கேபிளில் பிரிண்டரைச் செருகுங்கள், அதையும் பூட்டியிருந்தால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

19. லேப்டாப்பை டிஎம்இசட்-ல (DMZ) போட்டா தடையில்லாம ஓடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணணுமாம்.

இரண்டும் வேண்டாம். விபிஎன் வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பு, அதற்கு உள்ளே வரும் கதவு எதையும் திறக்க வேண்டியதில்லை. டிஎம்இசட்டில் போட்டால் வெளியிலிருந்து வரும் கண்டதெல்லாம் கம்பெனி லேப்டாப்பின் வாசலில் வந்து நிற்கும். ஃபயர்வாலை அணைத்தால் ஐடிக்கு எச்சரிக்கை போய், லேப்டாப்பையே நெட்வொர்க்கிலிருந்து தள்ளி வைத்துவிடவும் கூடும்.

செய்ய வேண்டியது இதற்கு நேரெதிர். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் ஆபீஸ் லேப்டாப்பை அதில் போடுங்கள். வீட்டு டிவியும் கேமராவும் அதைப் பார்க்காது, அது அவற்றைப் பார்க்காது. சில ரவுட்டர்கள் கெஸ்ட்டுக்கு வேக வரம்பு வைத்திருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

20. நல்லா ஓடிட்டு இருக்கும்போதே 5 கிகாஹெர்ட்ஸ் பேரே ஒரு நிமிஷம் காணாம போயிட்டு வருது. பேய் மாதிரி.

பேய் இல்லை, ரேடார். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைப் பல நாடுகளில் வானிலை ரேடார்களோடும் மற்ற ரேடார்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் போன்ற அலை காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு சேனலுக்குப் போனால் அங்கே குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். அந்த ஒரு நிமிடம்தான் நீங்கள் பார்ப்பது. விமான நிலையம், துறைமுகம் பக்கம் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கலாம். சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 36, 40, 44, 48-இல் ஒன்றாக நிறுத்துங்கள், அலை அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைக்காதீர்கள். 160 வைத்தால் 36-இல் தொடங்கினாலும் ரேடார் பகுதிக்குள் கால் நீட்டிவிடும்.

21. ஐடி ஆள் "உங்க நெட் சரியில்ல"ங்கறார், நெட் கம்பெனி "லேப்டாப் சரியில்ல"ங்குது. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

"நெட் ஸ்லோ" என்று டிக்கெட் போட்டால் இதுதான் நடக்கும். யாரும் மறுக்க முடியாத மாதிரி எழுதுங்கள். இப்படி: "காலை 10.40-க்கு மீட்டிங்கில் குரல் அறுந்தது. அதே நேரத்தில் ரவுட்டருக்கு பிங் 3 மில்லிசெகண்ட், இழப்பு இல்லை. 8.8.8.8-க்கு 25, இழப்பு இல்லை. விபிஎன்னைத் துண்டித்ததும் சரியானது. போன் ஹாட்ஸ்பாட்டிலும் விபிஎன்னோடு இதே கோளாறு." இதைப் படித்துவிட்டு எந்த ஐடி ஆளும் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல மாட்டார். நெட் கம்பெனிக்கு என்றால் கேபிளில் எடுத்த அளவுகளை மட்டும் அனுப்புங்கள், வைஃபையில் எடுத்ததை முதல் வரியிலேயே தள்ளிவிடுவார்கள்.

விண்டோஸ் தானே ஒரு சாட்சியும் வைத்திருக்கிறது. அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் netsh wlan show wlanreport என்ற கட்டளையைக் கொடுத்தால் கடைசி மூன்று நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது, என்ன காரணத்தால் அறுந்தது என்று வரைபடத்தோடு ஒரு பக்கம் உருவாகும். உங்களுக்கு அட்மின் அனுமதி இல்லையென்றால் ஐடி ஆளையே தொலைவிலிருந்து அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் அறுந்த நேரமும் உங்கள் டிக்கெட்டில் உள்ள நேரமும் ஒத்துப்போனால் வைஃபை, ஒத்துப்போகவில்லை என்றால் வைஃபை அறுந்ததால் இல்லை, விபிஎன்னையோ லைனையோ பார்க்க வேண்டும். அதற்கப்புறம் யார் வேலை என்ற பேச்சு நீளாது.